கேள்வி கேட்க ஒரு விருந்தாளி வந்தார்

பட்டிமன்றத் தலைப்பு: வேற்று நாட்டுப் பயணம் மனிதனுக்குப் பெரிதும் கற்றுத் தருவது ஒற்றுமைகளாலா? வேற்றுமைகளாலா?

‘வேற்றுமைகளாலே!’ என்ற அணியில் பேசியது

    

எதிரணித் தலைவர் பேசும்போது கணியன் பூங்குன்றனாரை மூன்று முறை துணைக்குக் கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது எனக்குப் பயமாகிவிட்டது. அந்தப் புலவரே மேடைக்கு வந்துவிடுவாரோ என்று! வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? “ஐயா, எல்லா ஊரும் நம்முடைய ஊர் என்றுதான் நான் சொன்னேன். எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கும் என்று எப்போது சொன்னேன்?” என்று கேட்டிருப்பார். (கைதட்டல்)

நம் ஆட்கள் வெளிநாடு போகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் சிங்கப்பூர் போனார். விமானத்தை விட்டு இறங்கியதும் நேராகத் தேக்கா. அங்கே தோசை. மறுநாள் காலையில் கோயில். மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. ஐந்து நாள் கழித்து ஊருக்கு வந்து சொல்கிறார்: “சிங்கப்பூர் என்னங்க சிங்கப்பூரு? அப்படியே நம்ம ஊரு மாதிரியே இருக்கு!” (சிரிப்பு) இருக்காதா பின்னே? நம் ஊரைத் தேடித்தானே அவர் போனார்! இதற்கு எதற்கய்யா அவ்வளவு பணம் கொடுத்து விமானச் சீட்டு? கும்பகோணத்துக்குப் போய் வந்திருக்கலாமே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேசிய அம்மையார் நன்றாகவே பேசினார். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அவர்களைச் சாட்சிக்கு அழைத்தார். 1919இல் பிறந்து 2008இல் மறைந்தவர் அவர். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சொல்லி, சொற்களை வரிசையாக எடுத்து வைத்தவர். நாம் தை முதல் நாள் பொங்கல் வைக்கிற அதே சமயத்தில், சனவரி 15ஆம் நாள், ஜப்பானில் சிறிய புத்தாண்டு என்று கொண்டாடிச் செம்பயறு போட்ட கஞ்சி வைக்கிறார்கள் என்பதையும் எடுத்துக் காட்டியவர். நமக்கெல்லாம் காது குளிர்ந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மையார் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த மொழி உறவை உலகத்து மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலோர் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒற்றுமையில் உள்ள ஆபத்து இதுதான். பார்த்த உடனே மனம் மகிழ்ந்துவிடும். மகிழ்ந்த மனம், “சரிதானா?” என்று இன்னொரு முறை கேட்காது.

அம்மையார் ஒரு ஜப்பானியரைக் கொண்டுவந்தார். நான் இரண்டு ஜப்பானியரைக் கொண்டுவருகிறேன். ஒருவர் உலகம் அறிந்த அறிஞர். மற்றொருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த ஒரு மாணவர்.

முதலாமவர் நொபொரு கராஷிமா. 1933இல் பிறந்தவர். 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். நன்றாக எண்ணிப் பாருங்கள். இங்கிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் படிக்கப் போன காலம் அது. அந்தக் காலத்தில் டோக்கியோவிலிருந்து ஓர் இளைஞர் சோழர் கல்வெட்டைப் படிக்க இங்கே வருகிறார்! வந்தவர் பெரிய கோயிலைப் பார்த்து “ஆகா!” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. காவிரியின் தென்கரையில், திருச்சிக்கு அருகில், அல்லூர், ஈசானமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். அந்த ஊர்க் கல்வெட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். “இந்த நிலத்தை விற்றவர் யார்?”

எவ்வளவு சாதாரணக் கேள்வி! அதற்குக் கிடைத்த விடை சாதாரணமல்ல. ஈசானமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அங்கே தனித்தனி ஆட்கள் நிலத்தை விற்றிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள அல்லூரில் ஊரார் ஒன்றாகச் சேர்ந்து விற்றிருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் இரண்டு ஊர், இரண்டு விதமான நில உரிமை! 1966இல் இதைக் கட்டுரையாக எழுதினார். இந்தியக் கிராமம் என்றாலே எல்லாம் ஒன்றுதான், ஆயிரம் ஆண்டானாலும் மாறாது என்று ஐரோப்பியர் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பேச்சைக் கேள்விக்குள்ளாக்கிய கட்டுரைகளில் அதுவும் ஒன்று. பிறகு 1978இல், பேராசிரியர் எ. சுப்பராயலு முதலியோரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து வெளியிட்டார். 1995இல் இதே தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் அவர்தான். 2013இல் பத்மஸ்ரீ விருது. 2015இல் மறைந்தார்.

நடுவர் அவர்களே, நான் கேட்கிறேன். “எல்லாம் எங்க ஊர் மாதிரிதான்” என்று அவர் நினைத்திருந்தால், அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்குமா? (கைதட்டல்)

இனி இரண்டாமவர். இவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டோக்கியோவில் வரலாறு படித்த ஒரு பிள்ளை. கராஷிமாவின் நூல்களைப் படித்துவிட்டு, பெரிய கோயில் கல்வெட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்தவர். ஒரு நண்பர் மூலமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 2000ஆம் ஆண்டுப் பொங்கல் சமயம். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முனைவர் பட்டம் வாங்கி ஆறு மாதம். தலையில் கொம்பு முளைத்திருந்த காலம். (சிரிப்பு) எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். ஜப்பானிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் தெருவே திண்ணைக்கு வந்துவிட்டது. ‘முத்து’ படம் 1998இல் ஜப்பானில் ஓடியது அல்லவா? “நான் அந்தப் படம் பார்த்திருக்கிறேன்” என்று அந்தத் தம்பி ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். எங்கள் ஊர் இளைஞர்கள் அவரைக் கீழே இறக்கவே இல்லை! (பலத்த சிரிப்பு)

அவர் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘அங்கே’, வலப்பக்கம் ‘இங்கே’. புதிதாக எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் எழுதிவிடுவார்.

தமிழ் அவருக்குப் புத்தகத் தமிழ். முதல் நாள் காலையில் தெருவில் நடந்தார். எதிரே வந்த பெரியவர், “என்ன தம்பி, சாப்டாச்சா?” என்றார். இவர் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “ஏழரை மணிக்கு நான்கு இட்டலியும் சாம்பாரும் உண்டேன். ஐயா, தாங்கள்?” என்றார். அடுத்த வீட்டில் ஒருவர் கேட்டார். மறுபடியும் நான்கு இட்டலி. எட்டு வீடு தாண்டுவதற்குள் முப்பத்திரண்டு இட்டலி ஆகிவிட்டது. (சிரிப்பு) மூன்றாம் நாள் நோட்டில் எழுதினார்: “இங்கே இது கேள்வி அல்ல, வணக்கம்.” நடுவர் அவர்களே, இத்தனை வருடமாக நாம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது கேள்வி இல்லை என்று நமக்கு ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது!

அடுத்தது சோறு. எங்கள் அம்மா பொலபொலவென்று சாதம் வடித்துப் போட்டார்கள். தம்பி கையால் அள்ளுகிறார். விரல் சந்து வழியாக எல்லாம் இலைக்கே திரும்பிப் போகிறது. “எங்கள் நாட்டில் சோறு ஒன்றோடு ஒன்று ஒட்டும், அம்மா” என்றார். அம்மா பதறிப்போய்விட்டார்கள். “ஒட்டுமா? அதைக் குழைஞ்சு போச்சுன்னுல்ல சொல்லுவோம்! எங்க மாமியா இருந்தப்ப ஒரு நாள் சோறு குழைஞ்சதுக்கு நாலு நாள் பேச்சு வாங்கியிருக்கேன்” என்றார்கள். அந்தத் தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “குச்சியால் எடுக்க வேண்டும் என்றால் ஒட்ட வேண்டும். குழம்பு ஊற்றிக் கையால் பிசைய வேண்டும் என்றால் உதிர வேண்டும்.” நாற்பது வருடமாக அடுப்படியில் நின்ற எங்கள் அம்மாவுக்கு, சோறு ஏன் உதிரியாக இருக்க வேண்டும் என்ற காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது! “மாமியா போனப்பறம் வந்து சொல்றியேப்பா” என்றார்கள். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் தம்பி மரியாதையாக இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார். பந்தியே திடுக்கிட்டது. துக்க வீட்டில்தானே அப்படி மடிப்போம்? நான் காதில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “எங்கள் ஊரில் சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைத்தால் இப்படித்தான் பதறுவார்கள். அது இறந்தவருக்குப் படைக்கிற முறை” என்றார். எழுந்து போய்ப் பெண் வீட்டாரிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் குனிந்ததைப் பார்த்து, ஆசீர்வாதம் கேட்கிறார் என்று நினைத்துப் பெண்ணின் தாத்தா திருநீறு பூசி அனுப்பிவிட்டார். (சிரிப்பு)

எதிரணி நண்பர்களுக்காக ஓர் ஒற்றுமையையும் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் “போறேன்” என்று சொல்ல மாட்டோம். “போயிட்டு வரேன்” என்போம். ஜப்பானில் என்ன சொல்கிறார்களாம்? “இத்தேகிமாஸ்.” அதற்கும் போய் வருகிறேன் என்றே பொருள்! எங்கள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒன்றை வேண்டுமானால் எதிரணி எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு வட்டியும் முதலுமாக நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு நாள் எங்கள் அப்பா அவரை வயலுக்கு அழைத்துப் போனார். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்றுகொண்டு அப்பா சொன்னார்: “தம்பி, நீங்க இப்பத்தான் வர்றீங்க. உங்க ஊர் விவசாயம் எங்க ஊருக்கு எப்பவோ வந்தாச்சு.” 1953இல் இந்திய அரசு ‘ஜப்பான் முறை நெல் சாகுபடி’ என்று ஓர் இயக்கமே நடத்தியது. மேட்டுப் பாத்தியில் நாற்றங்கால், குறைந்த விதை, வரிசை நடவு, வரிசைக்கு நடுவே உருட்டுகிற களைக்கருவி. கயிறு பிடித்து நடச் சொன்னபோது நடவுப் பெண்கள் சிரித்த கதையை அப்பா சொன்னார். பிறகு 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. அதன் பெற்றோர் யார் தெரியுமா? ஒன்று ஜப்பானிய நெல், நோரின் 10. மற்றொன்று நம் ஊரில் கிச்சிலிச் சம்பா என்று பெயர் பெற்ற ஜி.இ.பி. 24. “உங்க நெல்லு தனியா வந்தா எங்க வெயிலுக்கு நிக்காது. எங்க நெல்லு தனியா நின்னா உரம் போட்டதும் வளர்ந்து சாஞ்சிடும். ரெண்டையும் கட்டி வெச்சாங்க, குறுவை தூக்கி நிறுத்திடுச்சு” என்றார் அப்பா.

நடுவர் அவர்களே, இரண்டு நெல்லும் ஒரே மாதிரி இருந்திருந்தால் ஒட்டு எதற்கு? வேற்றுமை இருந்ததால்தான் அந்தக் கல்யாணமே நடந்தது! (கைதட்டல்)

இதுவரை சிரித்தோம். இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற செய்தி அல்ல.

பொங்கல் அன்று மத்தியானம். இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாயிற்று. அந்தத் தம்பி இரண்டு கையையும் கூப்பி, இலையைப் பார்த்துத் தலை குனிந்து, “இதாதாகிமாஸ்” என்றார். அம்மா கேட்டார்கள்: “யாருக்குப்பா கும்பிடு போடுற? சாமி அங்கல்ல இருக்கு?” அவர் சொன்னார்: “பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள், அம்மா. சமைத்தவர்களுக்கு, விளைவித்தவர்களுக்கு, இந்த அரிசிக்கு, எல்லோருக்கும் சேர்த்து.” அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எனக்கும்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அங்கே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து, கட்டுச் சுமந்தவர். அறுபது வயது இருக்கும். பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் புதுச் சேலையும் வாங்கிப் போக வந்திருந்தார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மாட்டுக்கொட்டகை ஓரம் மண்ணில் உட்கார்ந்து, அவருக்கென்று எரவாணத்தில் செருகி வைத்திருந்த அலுமினியக் குவளையில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீரை அம்மா உயரத்திலிருந்து ஊற்றினார்கள்.

தம்பி அவர் முன்னால் போய்க் குனிந்து, “வணக்கம் அம்மா. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?” என்றார். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். (அரங்கில் அமைதி)

அறுபது வருட வாழ்க்கையில், எங்கள் வீட்டுக் கொல்லையில், அவரைப் பார்த்து யாரும் ‘தாங்கள்’ என்று சொன்னதில்லை. ‘நீங்கள்’ என்றுகூடச் சொன்னதில்லை.

அன்று இரவு திண்ணையில் அந்தத் தம்பி நோட்டைத் திறந்தார். “ஐயா, ஓர் இலக்கணச் சந்தேகம்” என்றார். இலக்கணம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் முனைவர் பட்டமே இலக்கணத்தில். ஒருமை, பன்மை, மரியாதைப் பன்மை என்று நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியவன். அவர் கேட்டார்: “வயதில் மூத்தவர்களை ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் படித்தேன். நீங்கள் பால்காரரை ‘வாங்க’ என்றீர்கள். தபால்காரரை ‘உட்காருங்க’ என்றீர்கள். அந்த அம்மாவை மட்டும் ‘வா’, ‘போ’ என்றீர்கள். அவர் உங்களை ‘சின்னய்யா’ என்கிறார். இது எந்த விதி?”

நான் சொன்னேன்: “அது... அது பழக்கம் தம்பி.”

“பழக்கம் என்றால் காரணம் கிடையாதா, ஐயா?”

நடுவர் அவர்களே, எத்தனையோ பட்டிமன்றம் பேசியிருக்கிறேன். எதிரணி எப்படிக் கேட்டாலும் பதில் சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்றைக்கு என் வீட்டுத் திண்ணையில் எனக்குப் பதில் இல்லை.

அவர் விடவில்லை. முதல் நாள் பெரிய கோயிலில் இராசராசன் கல்வெட்டைப் படித்துக் காட்டினேன். வரியிலிருந்து விலக்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், பறைச்சேரி என்று வரும். தீண்டாச்சேரி என்றும் வரும். பொருள் கேட்டார். நானும் பேராசிரியர் தோரணையில், “அது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சமுதாய நிலை” என்று விளக்கியிருந்தேன். இப்போது அவர் மெதுவாகச் சொன்னார்: “அந்தச் சொல் கல்லில் மட்டும் இருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன், ஐயா.”

எனக்குச் சாட்டையால் அடித்தது போல் இருந்தது. இந்த மண் சாதாரண மண் அல்ல. ஆடுதுறை 27 விளைந்து குதிர் நிறைந்த அதே ஆண்டுகளில்தான், கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிந்தன. 44 உயிர்கள். பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பாலோர். அதை நான் வகுப்பில் கண்ணீரோடு சொல்லியிருக்கிறேன். மேடையில் முழங்கியிருக்கிறேன். ஆனால் என் வீட்டு எரவாணத்தில் செருகியிருந்த குவளை மட்டும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது. அதனாலேயே தெரியவில்லை!

அந்தத் தம்பி என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நல்லவராக நின்றுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “எங்கள் நாட்டிலும் உண்டு, ஐயா. தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல் போன்ற தொழில் செய்தவர்களை ஒதுக்கி வைத்தார்கள். புராக்குமின் என்று பெயர். 1871இல் சட்டம் போட்டு அந்தப் பிரிவை ஒழித்தார்கள். ஆனாலும் கல்யாணம் பேசும்போது, பெண் எந்த இடத்தவர் என்று இரகசியமாக விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நான் இதைப் பற்றி யாரிடமும் கேட்டதே இல்லை. இங்கே வந்துதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.” சொல்லிவிட்டு, நோட்டில் ‘இங்கே’ என்ற பக்கத்தில் எழுதியதை ‘அங்கே’ என்ற பக்கத்திலும் எழுதினார். (கைதட்டல்)

இப்போது எதிரணி நண்பர்கள் துள்ளிக் குதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். “பார்த்தீர்களா, பார்த்தீர்களா! கடைசியில் ஒற்றுமைக்குத்தானே வந்தீர்கள்?” என்பார்கள். ஐயா, அவசரப்படாதீர்கள். அந்த ஒற்றுமை எப்படிக் கிடைத்தது? முதலில் வேற்றுமை கண்ணை உறுத்தியது. உறுத்தியதால் கேள்வி பிறந்தது. கேள்வி பிறந்ததால் அவருக்கு அவருடைய நாடு தெரிந்தது, எனக்கு என்னுடைய வீடு தெரிந்தது. எடுத்த எடுப்பிலேயே “எல்லா ஊரிலும் ஏழை இருப்பார்கள், எல்லா ஊரிலும் இப்படித்தான்” என்று ஒற்றுமை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் நோட்டை மூடியிருப்பார். நான் கண்ணை மூடியிருப்பேன். அந்தக் குவளை எரவாணத்திலேயே இருந்திருக்கும்! (பலத்த கைதட்டல்)

மறுநாள் மாட்டுப் பொங்கல். அந்த அம்மா வந்தார். நான் கொல்லைக்குப் போய், தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “வாங்கம்மா, உட்காருங்க” என்றேன். இரண்டே சொல். மேடையில் மூன்று மணி நேரம் பேசுகிறவனுக்கு அந்த இரண்டு சொல் வர அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அவர் மகிழ்ந்து போனார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பயந்துவிட்டார். “என்ன சின்னய்யா, நான் ஏதும் தப்பு செஞ்சுட்டேனா?” என்று கேட்டார்.

மரியாதையைக் கேட்டு ஒரு மனுஷி பயப்படும்படி நாம் வைத்திருந்தோம், நடுவர் அவர்களே.

எங்கள் அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. “ஊரு என்ன சொல்லும்?” என்று ஒரே ஒரு முறை கேட்டார்கள். நானும் வாதாடவில்லை. அம்மாவிடம் பட்டிமன்றம் பேசி யார் ஜெயித்திருக்கிறார்கள்? தினமும் “வாங்க”, “உட்காருங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன். சித்திரை மாதம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது எரவாணத்தைப் பார்த்தேன். குவளையைக் காணோம். அந்த அம்மா வீட்டுப் புழக்கத்தில் இருந்த எவர்சில்வர் தம்ளரில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே எங்கள் அம்மா உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். குவளை எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. (நீண்ட கைதட்டல்)

ஒரு வீட்டில் ஒரு குவளை போனதால் உலகம் திருந்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. வேறு எத்தனை எரவாணங்களில் எத்தனை குவளைகள் வேறு வேறு வடிவத்தில் இருக்கின்றனவோ! இந்த நிகழ்ச்சியைப் பார்க்கும் ஒவ்வொருவரும் தம் தம் வீட்டுக் கொல்லைப்பக்கம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு விமானச் சீட்டு வேண்டாம்.

ஒற்றுமை தாலாட்டு மாதிரி, நடுவர் அவர்களே. இனிமையாக இருக்கும், தூக்கம் வரும். வேற்றுமை சேவல் மாதிரி. காதுக்கு இதமாக இருக்காது. ஆனால் விடிந்தது என்று சொல்வது அதுதான்! கராஷிமா என்ற மாணவருக்கு இரண்டு ஊரின் வேற்றுமை வரலாற்றைக் காட்டியது. இரண்டு நெல்லின் வேற்றுமை இந்தத் தஞ்சைத் தரணிக்குக் குறுவையைக் கொடுத்தது. எங்கள் அம்மாவுக்குச் சோற்றின் காரணத்தைச் சொன்னதும் வேற்றுமைதான். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு, ‘வாங்க’ என்ற சொல்லை எங்கே சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் வேற்றுமைதான்.

அந்தத் தம்பி ஊருக்குக் கிளம்பிய நாளில் தெருவே கூடியது. அந்த அம்மாவும் வந்து தெருவோரம் நின்றார். தம்பி அவருக்கு முன்னால் போய்க் குனிந்து, இந்த முறை புத்தகத் தமிழை விட்டுவிட்டு, எங்கள் ஊர்த் தமிழில், “போயிட்டு வரேம்மா” என்றார். அந்த அம்மா இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்து, “மவராசனாப் போயிட்டு வாங்க தம்பி” என்றார்.

அந்த ‘வாங்க’வுக்காகவாவது, நடுவர் அவர்களே, வேற்று நாட்டுப் பயணம் நமக்குப் பெரிதும் கற்றுத் தருவது வேற்றுமைகளாலே, வேற்றுமைகளாலே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனப் பணிவோடு கேட்டு, போய் வருகிறேன்.